முள்ளந்தண்டுக் காயத்துக்குப் பின் ரொபோ உதவியுடனான நடைப்பயிற்சி: காணியை விற்றுப் போகலாமா?

எழுதியவர்: உவர்மலைவாசி

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓர் ஆசிரியை. என் தம்பியைப் பற்றியே இதனை எழுதுகிறேன். அவனுக்கு இருபத்தொன்பது வயது. ஐந்து மாதங்களுக்கு முன்னர் சாம்பல்தீவில் மாமாவின் வளவில் தேங்காய் பறிக்க ஏறியவன், காய்ந்த மட்டையைப் பிடித்த கையோடு கீழே வந்துவிட்டான். பத்தாவது நெஞ்சு முள்ளெலும்பு நொறுங்கி, உள்ளே முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் செல்லும் நரம்புத் தண்டு) நசுங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த வைத்தியர்கள் கூறினர். கொழும்பில் கம்பியும் திருகாணியும் பொருத்திச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் பின்னர் ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் ஏழு வாரங்கள் இருந்துவிட்டு இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குப் பலகை போட்டுத் தானாகவே மாறுகிறான். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கதீற்றர் இட்டுத் தானே சிறுநீரை அகற்றுகிறான். கால்களை மட்டும் அசைக்க முடியவில்லை. அவனுடைய வைத்தியசாலைத் துண்டில் 'டி10, ஆசியா பி' என்று எழுதப்பட்டிருக்கிறது. அதனை ஏதோ வார்டின் பெயர் என்றே அம்மா இதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அதற்குமேல் தெரியாது.

சென்ற மாதம் கனடாவிலுள்ள மச்சாள் ஒரு காணொளியை அனுப்பினார். ஓர் இளைஞனைப் பட்டிகளால் தூக்கிப்பிடித்து, இரண்டு இயந்திரக் கால்களுக்குள் அவனுடைய கால்களைப் பொருத்தி, ஓடும் பட்டையின் மேல் நடக்கவைக்கிறார்கள். தம்பி அதனை எத்தனை தடவை பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. இரவு ஒரு மணிக்கும் அவன் அறையில் வெளிச்சம் தெரிந்தது. அதன் பின்னர், வெளிநாட்டில் இத்தகைய சிகிச்சையை ஒழுங்குசெய்து தரும் ஒருவர் எங்களுடன் தொடர்புகொண்டார். பன்னிரண்டு வாரங்கள் அங்கு தங்கினால் தம்பி நடந்தே திரும்புவான் என்றும், ஆறு மாதம் கடந்துவிட்டால் நரம்பு செத்துவிடும் என்பதால் உடனே முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அவர் கேட்கும் தொகைக்கு நிலாவெளியிலுள்ள எங்கள் காணியைத்தான் விற்க வேண்டும். அம்மா ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது, எத்தகைய காயத்துக்கு அது பயன்படும், ஆறு மாதக் கெடு என்பது உண்மையா என்பனவற்றை அறிந்தவர்கள் கூறினால் பெரும் உதவியாக இருக்கும். எங்களைத் தேற்றுவதற்காக எதையும் எழுத வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.


எழுதியவர்: பிசியோ_அண்ணன்

சகோதரி, அரச வைத்தியசாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இயன்மருத்துவராகப் பணியாற்றியவன் நான். தம்பியைப் பரிசோதிக்காமல் அவர் நடப்பார் என்றோ நடக்கமாட்டார் என்றோ சொல்ல எனக்கு உரிமையில்லை. தொலைபேசியில் பேசும் முகவருக்கும் அந்த உரிமை இல்லை.

அந்தத் துண்டிலுள்ள 'டி10' என்பது காயம்பட்ட பத்தாவது நெஞ்சு முள்ளெலும்பின் மட்டம். அதற்கு அடுத்துள்ள 'பி' என்ற எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆசியா என்பது அமெரிக்க முள்ளந்தண்டுக் காயச் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம். அவர்களுடைய அளவுகோலில் ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள் உள்ளன. காயத்துக்குக் கீழே, குதவாயைச் சுற்றியுள்ள கடைசி நரம்புப் பகுதி வரைக்கும், உணர்வோ அசைவோ எதுவும் இல்லையென்றால் அது ஏ. உணர்வு அங்குவரை எட்டுகிறது, அசைவு மட்டும் இல்லையென்றால் அது பி. அசைவு இருந்தும் பெரும்பாலான தசைகள் புவியீர்ப்பை எதிர்த்து மூட்டை முழுமையாக அசைக்க மாட்டாதவையாயின் அது சி. குறைந்தது பாதித் தசைகளாவது அவ்வாறு அசைக்க வல்லவையாயின் டி. எல்லாம் வழமைக்குத் திரும்பியிருந்தால் ஈ. ஆகவே உங்கள் தம்பியின் முண்ணாண் முற்றாகத் துண்டிக்கப்படவில்லை என்பதையும், கீழிருந்து மேலே செல்லும் செய்தி ஓரளவு போய்ச்சேர்கிறது என்பதையும் அந்த 'பி' சொல்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எழுத்து எப்போது இடப்பட்டது? காயம்பட்ட முதல் வாரத்தில் எழுதப்பட்டது அப்படியே துண்டுக்குத் துண்டு பிரதியாகி வருவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். ஐந்து மாதத்தில் 'பி' என்பது 'சி' ஆகியிருக்கலாம். எந்தச் செலவுக்கும் முன்னர் அந்தப் பரிசோதனையை மீண்டும் முறைப்படி செய்விக்க வேண்டும். அதற்குத் தேவையானவை பஞ்சு, ஓர் ஊசி, ஒரு மணித்தியாலப் பொறுமை ஆகியவை மாத்திரமே.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி படியில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. பஞ்சு தொடுவதை மட்டும் உணர்வோரைவிட, ஊசி முனை குத்துகிறதா அதன் மொட்டைப் பக்கம் அழுத்துகிறதா என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்களுக்கே பின்னாளில் அசைவு திரும்பும் வாய்ப்புக் கூடுதலாகக் காணப்படுகிறது. குத்துணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புப் பாதை, கால்களை அசைக்கும் பாதைக்கு முண்ணாணில் அருகே செல்வதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

இனி இயந்திரம். இதன் வேர் பூனைகளில் இருக்கிறது. 1987 இல் மொன்றியல் நகரத்து ஆய்வாளர்களான பார்போவும் றொசிஞோலும், முண்ணாண் முற்றாக வெட்டப்பட்ட வளர்ந்த பூனைகளை ஓடும் பட்டையில் நாள்தோறும் பழக்கியபோது அவற்றின் பின்னங்கால்கள் மீண்டும் அடியெடுத்து வைத்ததை எழுதினார்கள். நடையின் தாளத்தை உண்டாக்கும் நரம்புக் கூட்டம் முண்ணாணிலேயே இருக்கிறது என்பதும், பயிற்சியால் அது கற்கிறது என்பதும் இதனால் உறுதியாயின. மனிதர்களிடம் இது அவ்வளவு இலகுவாக நடப்பதில்லை. முற்றாகத் துண்டிக்கப்பட்ட மனித முண்ணாண் பட்டையில் பழக்கியதால் மாத்திரம் நடந்ததில்லை. ஆயினும் பகுதிக் காயமுடையோரைப் பட்டிகளால் தாங்கி, பட்டையில் நடத்தும் முறை 1990களில் பரவியது. அதற்கு ஒரு காலுக்கு ஒருவர், இடுப்புக்கு ஒருவர் என மூன்று பேர் வேண்டும். குந்தியிருந்து இன்னொருவருடைய காலை இருபது நிமிடம் தூக்கித்தூக்கி வைத்துப் பாருங்கள். நோயாளிக்கு முன்னர் இயன்மருத்துவரின் நாரி முறிந்துவிடும். என்னுடைய நாரி வலி அப்படி வந்ததுதான். அந்த மூவரின் வேலையைச் செய்யவே ரொபோ வந்தது. அரை மணித்தியாலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளை ஒரே ஒழுங்கில் வைக்க அதனால் முடியும், எங்களால் முடியாது.

அப்படியானால் ரொபோவில் பழகியவர்கள் மற்றவர்களைவிட நன்றாக நடக்கிறார்களா? இங்கேதான் முகவர் சொல்லாத பகுதி வருகிறது. 2006 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அண்மையில் காயம்பட்ட 146 பேரை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்குப் பட்டிகளால் தாங்கிய பட்டை நடையும், மற்றைய குழுவுக்குத் தரையில் நின்று நடக்கும் வழமையான பயிற்சியும் பன்னிரண்டு வாரங்கள் கொடுத்தார்கள். இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. சி, டி படிகளில் இருந்தோரில் பெரும்பாலானோர் இரு குழுக்களிலும் நடந்தார்கள். 2011 இல் மயாமியிலிருந்து வந்த ஆய்வு, காயம்பட்டு ஓராண்டு கடந்தவர்களை நான்கு விதமாகப் பழக்கிப் பார்த்தது. மின்தூண்டலுடன் தரையில் நடந்தவர்களின் நடைதூரமே கூடுதலாக உயர்ந்தது. ரொபோவில் நடந்தவர்களின் வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. ரொபோ பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது பயிற்சியின் ஒரு வடிவம். மூன்று பேர் இல்லாத இடத்தில் நல்ல வடிவம். ஆனால் மற்றைய வடிவங்களால் நடக்க முடியாத ஒருவரை அது நடக்கவைத்துவிடும் என்று எவரும் காட்டவில்லை.

ஆறு மாதக் கெடுவைப் பொறுத்தவரை, மீட்சியின் பெரும்பகுதி முதல் ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள் நிகழ்கிறது என்பதும், அதன் பின்னர் வேகம் குறைகிறது என்பதும் உண்மையே. அதனால் இப்போது வீட்டில் சும்மா படுத்திருக்கக் கூடாது. ஆனால் நூற்றெண்பதாவது நாள் நள்ளிரவில் எந்த நரம்பும் சாவதில்லை. அவசரப்படுத்துவது விற்பவருடைய தேவை.


எழுதியவர்: கொட்டியாரத்தான்

நான் மூதூரைச் சேர்ந்தவன். கூரை வேலையில் விழுந்து பதினொரு ஆண்டுகளாகின்றன. என்னுடையது டி12, ஆசியா ஏ. விழுந்து மூன்றாம் ஆண்டில் உறவினர்கள் சேர்த்துத் தந்த பணத்தில், கடல் கடந்து, நீங்கள் காணொளியில் பார்த்ததைப் போன்ற ஓர் இயந்திரத்தில் ஆறு வாரங்கள் நடந்தேன். எங்கு என்று எழுத விரும்பவில்லை.

ஒரு மணித்தியாலம் என்று பதிவேட்டில் எழுதுவார்கள். அதில் இருபத்தைந்து நிமிடம் என்னைக் கட்டுவதற்கே போய்விடும். முதலில் தொடையையும் கீழ்க்காலையும் நாடாவால் அளந்து, இயந்திரக் காலின் நீளத்தை அதற்கேற்ப மாற்றுவார்கள். இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் இயந்திரத்தின் மூட்டுகளுக்கு நேரே வராவிட்டால் ஒவ்வோர் அடியிலும் தோல் இழுபடும். பிறகு அரையிலும் கவட்டிலும் பட்டி பூட்டி மேலே தூக்குவார்கள். முதல் நாள் தூக்கியவுடனேயே கண் இருண்டு வியர்த்துவிட்டது. மூன்று ஆண்டுகள் இருந்தே பழகிய உடம்பில் இரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது. இறக்கி, காலைத் தூக்கி வைத்து, மறுநாள்தான் தொடங்கினார்கள். ஆனால் பட்டை ஓடத் தொடங்கி, எதிரேயிருந்த கண்ணாடியில் நான் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்த அந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது. மற்றவர்களின் முகத்தை அண்ணாந்து பாராமல் நேரே பார்த்துப் பேசினேன். அதனைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன்.

மூன்றாம் வாரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இடது கணைக்காலைப் பிடித்திருந்த பட்டியின் ஓரம் சற்று மடிந்திருந்திருக்கிறது. எனக்கு அங்கே உணர்வு இல்லை, பூட்டியவரும் கவனிக்கவில்லை. அன்றிரவு காற்சட்டையை மாற்றும்போது, கணைக்கால் எலும்பின் மேல் ஐம்பது சத நாணயமளவு தோல் உரிந்திருந்ததை என் மனைவிதான் கண்டார். பத்து நாட்கள் பயிற்சி இல்லை. கட்டிய பணம் திரும்பவும் இல்லை. ஊருக்கு வந்த பின்னரும் அந்தப் புண் ஆற இரண்டு மாதங்கள் சென்றன. ஆறு வார முடிவில் இயந்திரத்துக்குள் நன்றாக நடந்தேன். வெளியே வந்தால் அதே நாற்காலிதான். கால் இறுக்கம் குறைந்ததாகவும் மலம் கழிப்பது இலகுவானதாகவும் அங்கே சிலர் சொன்னார்கள். என்னுடைய கால்கள் தொடக்கத்திலிருந்தே தளர்ந்து தொங்குபவை என்பதால் எனக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

என்னுடையது ஏ, உங்கள் தம்பியினுடையது பி என்பதால் என் கதையை அவருடைய கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எங்கு போனாலும், இயந்திரத்திலிருந்து இறக்கியவுடன் கால் முழுவதையும் ஒருவர் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் வீட்டு ஆளாக இருப்பது நல்லது.


எழுதியவர்: உவர்மலைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. பிசியோ அண்ணா எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். மொட்டைப் பக்கம், கூர்ப் பக்கம் என்று எவரும் பிரித்துக் கேட்டதாக அவனுக்கு நினைவில்லை. அம்மா உடனே தன் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிவிட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டிருக்க, வலது பாதத்தின் மேற்புறத்தில் பத்துத் தடவை மாற்றி மாற்றி வைத்தோம். எட்டுத் தடவை சரியாகச் சொன்னான். இடது பக்கத்தில் தொடுவது தெரிகிறது, வேறுபாடு தெரியவில்லை. இன்னொன்று: காலை வேளையில் வலது பெருவிரல் உள்நோக்கி மடிவதாகவும், அதனைத் தானே செய்வதாகவும் அவன் சொல்கிறான். நான் பார்த்தபோது ஒரு தடவை அசைந்தது. அடுத்த தடவை கேட்டபோது அசையவில்லை. இது தசையிறுக்கத்தால் தானாக அசைவதா, அவனே அசைப்பதா என்று எப்படி அறிவது?


எழுதியவர்: பிசியோ_அண்ணன்

முதலில் ஊக்கை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உணர்வு குறைந்த தோலில் வீட்டு ஊக்கால் குத்துவது ஆபத்து. அதற்கென ஒரு தடவை பயன்படுத்தி எறியும் ஊசி வைத்தியசாலையில் உண்டு. ஆனாலும் நீங்கள் கண்டது வீண்போகவில்லை. எண்ணிச் சொன்னீர்கள் பாருங்கள், அந்த ஆசிரியைப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

தானாக வரும் இழுப்பு என்றால் போர்வை உரசும்போதும் கதீற்றர் இடும்போதும் வரும். சொன்னவுடன் வராது, நிறுத்தச் சொன்னால் நிற்காது. தானே அசைப்பது என்றால் 'இப்போது' என்று சொன்னதற்குப் பின் வரும், 'விடு' என்றால் விடும், சில தடவைகளில் களைத்துப்போய் நின்றுவிடும். இதனை முடிவுசெய்ய வேண்டியவர் புனர்வாழ்வு வைத்திய நிபுணர். குதவாய்த் தசையை விருப்பப்படி சுருக்க முடிகிறதா என்பதையும் அவர் விரலால் சோதிப்பார். கூச்சப்படாமல் தம்பி அதற்கு உடன்பட வேண்டும். உண்மையிலேயே அவர் அசைப்பதாக இருந்தால் எழுத்து சி ஆகிவிடும். அப்போது இந்த உரையாடல் முழுவதும் வேறொன்றாகிவிடும், ஏனெனில் தீவிரமான நடைப்பயிற்சி, ரொபோவுடனோ ரொபோ இல்லாமலோ, கூடுதலாகப் பலன் தருவது அந்தப் படியில் உள்ளவர்களுக்கே.


எழுதியவர்: குளக்கோட்டன்

திருகோணமலையிற் பிறந்து சூரிச்சில் வாழ்கிறேன். மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியியலாளராகத் தொழில் செய்கிறேன். இயந்திரத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் விவரித்தது லொக்கோமாட் வகையைச் சேர்ந்தது போலத் தெரிகிறது. இங்குள்ள பல்கிறிஸ்ட் பல்கலைக்கழக வைத்தியசாலையோடு இணைந்து உருவாகி, 2001 ஆம் ஆண்டளவில் ஹொக்கோமா நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இரண்டு இடுப்புகளிலும் இரண்டு முழங்கால்களிலுமாக நான்கு மோட்டார்கள் உண்டு. கணுக்காலுக்கு மோட்டார் இல்லை. முன்பாதம் பட்டையில் இடறாமல் மீள்நாடா ஒன்று தூக்கிப் பிடிக்கும். மேலேயுள்ள கம்பிவடம் உடல் நிறையில் எத்தனை வீதத்தைச் சுமக்க வேண்டும் என்பதையும், மோட்டார்கள் எத்தனை வீதம் வழிகாட்ட வேண்டும் என்பதையும் இயக்குபவர் தனித்தனியே அமைக்கலாம்.

முழு விடயமும் அந்த இரண்டு எண்களில்தான் தங்கியிருக்கிறது. வழிகாட்டல் நூறு வீதத்தில் நிற்கும்போது உள்ளே இருப்பவர் தூங்கினாலும் கால்கள் அழகாக நடக்கும். காணொளிக்கு அது போதும். ஆனால் கால்களை இயந்திரத்திடம் விட்டுவிட்டுச் செல்பவரின் தசைகள், இயன்மருத்துவர் கையால் உதவும்போது உழைப்பதைவிடக் குறைவாகவே உழைக்கின்றன என்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆகவே நல்ல நிலையத்தில் அந்த வீதத்தை வாரத்துக்கு வாரம் குறைத்து, நோயாளி வியர்க்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். முகவரிடம் கேளுங்கள்: முதல் வாரத்தில் வழிகாட்டல் எத்தனை வீதம், கடைசி வாரத்தில் எத்தனை வீதம், இயந்திரத்துக்கு வெளியே தரையில் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம்? இந்த எண்களைச் சொல்ல முடியாத இடத்தில் விற்கப்படுவது சுற்றுலாதான்.

அணிந்துகொண்டு நடக்கும் புறச்சட்டகம் என்பது முற்றிலும் வேறொரு பொருள். ரீவாக் என்ற கருவியை உருவாக்கிய இஸ்ரேலியப் பொறியியலாளர் அமித் கோபர், 1997 இல் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஊன்றுகோலைப் பிடிக்கக் கைகளில் வலு வேண்டும் என்பதால், தான் உருவாக்கிய கருவியைத் தானே பயன்படுத்த முடியாதவராக அவர் இருந்தார். 2014 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், டி7 (ஏழாவது நெஞ்சு முள்ளெலும்பு) முதல் எல்5 (ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு) வரையான காயமுடையோர் பயிற்சிபெற்ற துணையாள் ஒருவருடன் அதனை வீட்டில் பயன்படுத்த அனுமதித்தது. உங்கள் தம்பி அந்த வரம்புக்குள் வருகிறார். ஆனால் அது நடையை மீட்டுத் தருவதில்லை, கழற்றிவைத்தால் நாற்காலிதான். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதி 2024 இல் அதற்கு நிர்ணயித்த தொகை ஏறத்தாழ 91,000 டொலர். நிலாவெளி மணலிலும் கோணேசர் கோயில் ஏற்றத்திலும் அதனை எவரும் அணிந்து நடப்பதாக என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

முண்ணாணுக்கு மேல் மின்முனைகளைப் பதித்து நடக்கவைத்த செய்தியையும் மச்சாள் அடுத்து அனுப்பக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். லொசான் நகரத்துக் குழுவொன்று 2018 இல் மூன்று பேரிடமும், 2023 இல் மூளையின் சமிக்ஞையோடு இணைத்து நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவரிடமும் அதனைச் செய்து காட்டியது உண்மை. அவை ஆய்வுகள். பணம் கட்டிப் பெறும் சிகிச்சையாக அதனை எவராவது உங்களுக்கு விற்க முன்வந்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.


எழுதியவர்: நிலாவெளிக்காரி

எல்லோரும் அறிவோடு எழுதுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட அறிவுரைகளைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. என் கணவருக்கு டி படியில் காயம். வாரத்துக்கு ஒரு தடவை, இருபது நிமிடம், கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டுமே கிடைத்தது. முதல் ஆண்டு அப்படியே போய்விட்டது. இன்று அவர் ஒரு கோலுடன் நடக்கிறார். இன்னும் நன்றாக நடந்திருப்பாரோ என்ற கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் போகவில்லை. தரைப் பயிற்சியும் ரொபோவும் சமம் என்று ஆய்வுகள் சொல்லலாம். அந்த ஆய்வுகளில் தரைப் பயிற்சி பெற்றவர்களுக்கு வாரத்தில் எத்தனை நாள் கொடுத்தார்கள்?


எழுதியவர்: பிசியோ_அண்ணன்

இந்தக் கேள்விக்கு நான் தலைகுனிந்துதான் பதில் எழுத வேண்டும். மயாமி ஆய்வில் வாரத்துக்கு ஐந்து நாட்கள், பன்னிரண்டு வாரங்கள். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் அந்த அளவுக்குப் பயிற்சி கொடுக்க ஆட்கள் போதாது. ரொபோவும் தரையும் சமம் என்பது, இரண்டிலும் ஒரே அளவு உழைப்புக் கிடைக்கும்போது மட்டுமே பொருந்தும் என்பதை நான் முன்னரே எழுதியிருக்க வேண்டும். வெளியில் போவதில் உண்மையான பயன் ஏதும் இருந்தால் அது நாள்தோறும் இரண்டு மூன்று மணித்தியாலம் கிடைக்கும் பயிற்சியில் இருக்கிறது. இயந்திரம் அதில் ஒரு பகுதி.

ஆகவே உவர்மலைச் சகோதரிக்கு என் கருத்து இதுதான். ராகமவில் மறுபரிசோதனைக்கு நாள் கேளுங்கள். திருகோணமலையிலிருந்து கொழும்பு செல்லும் இரவுப் புகையிரதம் ராகம வழியாகவே போகிறது. அங்கே எழுத்தை உறுதிப்படுத்துவதோடு எலும்பின் அடர்த்தியையும் கேளுங்கள். செயலிழந்த கால்களின் எலும்பு, முக்கியமாக முழங்காலை அடுத்த பகுதிகள், முதல் இரண்டு ஆண்டுகளில் விரைவாக நலிகின்றன. அதனைப் பாராமல் இயந்திரத்தில் ஏற்றினால் உணர்வில்லாத காலில் எலும்பு முறிந்து, வீக்கம் கண்ட பின்னரே தெரியவரும். இடுப்பும் முழங்காலும் முழுமையாக நீளுகின்றனவா, கணுக்கால் செங்கோணத்துக்கு வருகிறதா என்பதும் முக்கியம். ஐந்து மாதம் நாற்காலியிலேயே இருந்தவர்களுக்கு இவை சத்தமில்லாமல் இறுகிவிடும், இறுகிய மூட்டை எந்த ரொபோவும் ஏற்காது. தினமும் ஒரு மணித்தியாலம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். நிற்பதற்கான சட்டகத்தைத் தச்சரிடமே செய்விக்கலாம், ஆனால் அளவையும் பட்டி வரும் இடங்களையும் வைத்தியசாலையிலிருந்து எழுதி வாங்கிச் செல்லுங்கள். எலும்பும் இரத்த அழுத்தமும் இடம் கொடுத்தால் அதில் அரை மணித்தியாலத்திலிருந்து தொடங்கலாம். முழங்காலைப் பூட்டி நிறுத்தும் கலிப்பர் வேண்டுமென்றால் செயற்கை உறுப்புகள் செய்துதரும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்திலும் விசாரியுங்கள்.

அந்தப் பெருவிரல் உண்மையானதாக இருந்து, வெளியில் போவதென்று முடிவெடுத்தால், முகவர் காட்டும் இடத்தோடு நிற்காமல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புனர்வாழ்வுப் பிரிவுக்கும் அறிக்கைகளை அனுப்பிக் கேளுங்கள். 1954 இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பின்னர் சக்கர நாற்காலியிலிருந்தே சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் மேரி வர்கீஸ் 1960களில் அங்கே தலைமையேற்று வளர்த்தெடுத்த துறை அது. தமிழில் பேசலாம் என்பது சிறிய விடயம் அல்ல; பயிற்சியின் நடுவே 'கால் கூசுது', 'தலை சுத்துது' என்று சொல்வதை உடனே விளங்கிக்கொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.


எழுதியவர்: கொட்டியாரத்தான்

தம்பிக்கு ஒரு வார்த்தை. நிற்கும் சட்டகம் செய்தால் முழங்காலுக்கு முன்னால் வரும் பட்டிக்கு ரப்பர் செருப்பை வெட்டி வைக்காதே. வியர்வையில் தோல் ஊறிவிடும். பருத்தித் துணி சுற்றிய பஞ்சுதான் நல்லது. நான் ஒரு சட்டகத்தைப் பாழாக்கிய பின்னரே அதனைக் கற்றேன்.


எழுதியவர்: உவர்மலைவாசி

நேற்று ராகமவில் இருந்து பதில் வந்தது. பரிசோதனைக்கு வரும் பதினெட்டாம் திகதி நாள் தந்திருக்கிறார்கள். முகவரிடம் குளக்கோட்டன் அவர்கள் சொன்ன எண்களைக் கேட்டேன். அவற்றை வைத்தியர்தான் அறிவார் என்றார். வைத்தியருடன் பேச இணைப்புத் தாருங்கள் என்றேன். முற்பணம் கட்டிய பின்னர் தருவதாகச் சொன்னார். காணி பார்க்க வந்தவரை அம்மா தைப்பொங்கலுக்குப் பின்னர் வரச் சொல்லியிருக்கிறார். முழுவதுமாக வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

தம்பி தன் கைத்தொலைபேசியைக் கட்டில் காலில் சாய்த்துவைத்து, 'இப்போது', 'விடு' என்று தானே சொல்லிக்கொண்டு வலது பெருவிரலைக் காணொளியாக எடுக்கிறான். இன்று காலை இருபது தடவைகளில் ஏழு தடவை அசைந்ததாகக் கொப்பியில் எழுதியிருக்கிறான். நானும் தனியாக எண்ணினேன். என் கணக்கில் ஐந்து. இரண்டு கணக்கையும் கொண்டுபோகிறோம்.